ஒரே களத்தில் தந்தையும் மகனும்

விளையாட்டின் வரலாற்றை வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். அப்பட்டியலுக்குள் ஒரு குடும்பத்தின் கதை மறைந்து கிடப்பதும் உண்டு. அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றில் கென் கிரிஃபி என்னும் ஒரே பெயரைத் தாங்கிய தந்தை, மகன் இருவரின் கதை அத்தகையது.

பென்சில்வேனியா மாநிலத்தின் டொனோரா, எஃகு ஆலையையும் துத்தநாக ஆலையையும் நம்பி வாழ்ந்த சிற்றூர். 1948 அக்டோபரில் ஆலைப்புகை மூடுபனியோடு கலந்து 20 உயிர்களைப் பலிகொண்ட ஊரும் அதுவே. அங்கே 1950இல் பிறந்தார் மூத்த கிரிஃபி. அவருடைய தந்தை, பின்னாளில் பெரும்புகழ் எய்திய ஸ்டான் மியூசியலோடு பள்ளி அணியில் ஆடியவர். எனினும் மகன் சிறு குழந்தையாக இருந்தபோதே அவர் குடும்பத்தை விட்டு நீங்கினார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் தாயே.

1969இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணி மூத்தவரை 29ஆம் சுற்றில்தான் தேர்ந்தெடுத்தது. அவரோ 1975, 1976 ஆகிய ஈராண்டுகளிலும் உலகத் தொடரை வென்ற அவ்வணியின் தூண்களுள் ஒருவரானார். 1969 நவம்பர் 21இல், மியூசியல் பிறந்த அதே ஊரில், அவர் பிறந்த அதே தேதியில் இளையவர் பிறந்தார். 1987இல் சியாட்டில் மரைனர்ஸ் அணி அவரை நாட்டின் முதல் தேர்வாகவே எடுத்துக்கொண்டது.

தந்தையின் புகழ் மகனுக்கு நிழலாக மட்டும் அமையவில்லை, சுமையாகவும் அமைந்தது. 1988 ஜனவரியில், 18 வயதில், இளையவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனையில் காப்பாற்றப்பட்டார். தந்தையோடு அக்காலத்தில் நிலவிய பூசலையும் மன அழுத்தத்தையும் 1992இல் அவரே வெளிப்படையாகக் கூறினார். இதை அறிந்த பின்னரே அடுத்து நிகழ்ந்ததன் அருமை நமக்கு விளங்குகிறது.

தந்தை ஓய்வுபெற்ற பிறகே மகன் களம்புகுவது இயற்கை. ஆனால் 1989இல் இளையவர் முதன்மை லீகில் நுழைந்தபோது மூத்தவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். 1990 ஆகஸ்டில் ரெட்ஸ் அணியிலிருந்து விலகிய அவரை மரைனர்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. ஆகஸ்ட் 31 அன்று, கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்கு எதிராக, 40 வயதுத் தந்தையும் 20 வயது மகனும் ஒரே அணியில் இறங்கினர். முதன்மை லீகில் அதுவே முதன்முறை. முதல் இன்னிங்சில் தந்தை பந்தை அடித்து முதல் தளத்தை எட்ட, அடுத்து வந்த மகனும் அவ்வாறே எட்டினார். செப்டம்பர் 14 அன்று கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக இருவரும் அடுத்தடுத்து ஹோம்ரன் அடித்தனர்.

கழுத்துக் காயத்தால் 1991இல் தந்தை ஓய்வுபெற்றார். அதற்குள் இருவரும் சேர்ந்து 51 ஆட்டங்கள் ஆடியிருந்தனர். 630 ஹோம்ரன்களை அடித்த இளையவர், 2016இல் 99.3 விழுக்காட்டு வாக்குகளோடு புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். மூத்தவருக்கு அவ்விடம் வாய்க்கவில்லை. ஆயினும், தந்தை உடனில்லாமல் வளர்ந்த ஒருவர் தம் மகனோடு தோளோடு தோள் நின்று ஆடிய அந்த 51 ஆட்டங்களை எந்தப் புகழ்மன்றத்தைக் கொண்டும் நம்மால் எடைபோட இயலவில்லை.