நிமிர்ந்த முதுகும் சிலம்புக் கம்பும்



"கூனாதே, நிமிர்ந்து நில்" என்று பிள்ளையை அதட்டாத வீடு நம் ஊர்களில் இல்லை. அதட்டலால் மட்டும் நிமிர்ந்த முதுகு எதுவும் உண்டா? கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடரும் நமது கரையோரத்தின் பழைய வாழ்வை இந்தக் கேள்வியோடு சற்று நோக்குவோம்.

இங்கு உழைப்பு என்பது பெரும்பாலும் குனிவுதான். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் தாக்கத்தியோடு வயலில் இறங்கியவன் பொழுது சாயும்வரை குனிந்தே நின்றான். மருதமுனை நெசவாளி குழித்தறியில் கால்களை இறக்கி, நூலின்மீது கவிந்திருந்தான். பன்பாய் இழைத்த பெண்கள் நிலத்தில் அமர்ந்து வளைந்தார்கள். இப்படி ஒரே நிலையில் நெடுநேரம் இருக்கும் உடலில் நெஞ்சுப்புறம் இறுகும். முதுகு களைத்துச் சோரும்.

இந்தக் குனிவுக்கு மாற்றாக அமைந்தவையே நமது சீனடி, சிலம்படி, பொல்லடி முதலிய கலைகள் எனலாம். சிலம்படிக்காரர் கம்பை எடுத்தவுடன் வீசத் தொடங்குவதில்லை. முதலில் சலாவரிசை. சபைக்கும் ஆசானுக்கும் மரியாதை செய்யும் அந்த அசைவுகளில் முழங்கால் மடிந்து, உடல் தாழ்ந்து, பின் நிமிர்கிறது. கம்பு தலைக்கு மேலே சுழலும்போது தோள்மூட்டு முழுதாக விரிகிறது. நாளெல்லாம் ஒடுங்கிக்கிடந்த நெஞ்சு திறக்கிறது. பொல்லடியிலோ ஆண்கள் வட்டமாக நின்று, அண்ணாவியாரின் பாட்டுக்கும் தாளத்துக்கும் ஏற்பக் குனிந்தும் எழுந்தும் திரும்பியும் பக்கத்தவரின் பொல்லோடு பொல் மோதுவார்கள். தாளம் தவறினால் அடி விரலில் விழும். எனவே உடல் எப்போதும் விழிப்போடு இருந்தாக வேண்டும். இங்கே எவரும் "நிமிர்ந்து நில்" என்று அதட்டவில்லை, ஆட்டமே நிமிர்த்திவிட்டது.

இதையொத்த ஒரு கதை சுவீடன் நாட்டு வரலாற்றிலும் உண்டு. 1776இல் பிறந்த பேர் ஹென்றிக் லிங் ஒரு வாட்பயிற்சி ஆசான். வாள் பழகியதால் தமது கையின் பிணி குறைந்ததை அவர் உணர்ந்தார் என்பர். ஆயுதப் பயிற்சியில் கண்ட நன்மையை எல்லோருக்குமான உடற்பயிற்சியாக வளர்த்து, 1813இல் ஸ்டொக்ஹோம் நகரில் அதற்கென ஒரு நிறுவனத்தையே தொடங்கினார். தசைகளை நீட்டுதல், வலுவூட்டுதல், உடலை நேராக்குதல் என்பன அவரது முறையின் அடிப்படைகள். இங்கிலாந்துப் பாடசாலைகளின் 1909ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் இந்தச் சுவீடன் முறையைத் தழுவியதே. ஆங்கிலேயர் ஆட்சியில் 'ட்ரில்' என்ற பெயரில் உடற்பயிற்சி நம் பாடசாலை முற்றங்களுக்கும் வந்து சேர்ந்தது.

சுவீடனில் வாள், நம்மிடம் கம்பு. அவர்கள் வாளிலிருந்து ஊருக்கெல்லாம் ஒரு பயிற்சியைப் பிரித்தெடுத்தார்கள். நாம் கம்பை எங்கே வைத்தோம்? திருமண ஊர்வலத்திலும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்திலும், பிரமுகர்களை வரவேற்கும் விழாக்களிலும் அதைக் காண்கிறோம்; கைதட்டுகிறோம். ஆனால், காட்சிக்குப் பின்னால் இருக்க வேண்டிய அன்றாடப் பழக்கம் அருகி வருகிறது. பழக்கம் அற்றுப்போன கலை வெறும் அலங்காரமாகவே எஞ்சும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிமிர்த்தும் இந்த ஆட்டங்கள் ஆண்களுக்கே உரியவையாக இருந்தன. பாயிலும் அடுப்படியிலும் வளைந்த பெண்களின் முதுகைப் பற்றி அந்தக் களரி நினைக்கவில்லை.

இன்று தாக்கத்தியின் இடத்தை அறுவடை இயந்திரம் பிடித்துவிட்டது. குனிவு மட்டும் போகவில்லை. கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் இடம் மாறியிருக்கிறது. 'சரியான நிலை' என்று ஒன்றையே வற்புறுத்துவதைவிட, எந்த நிலையிலும் நெடுநேரம் உறைந்திராதீர்கள், அடிக்கடி அசையுங்கள், தசைகளை நீட்டுங்கள், வலுவூட்டுங்கள் என்றே இன்றைய மருத்துவம் அறிவுறுத்துகிறது. வலி நீடித்தால் வைத்தியரை நாட வேண்டும் என்பதும் மறக்கத்தக்கதல்ல.

ஆகவே, நமது பாடசாலைகளின் காலை உடற்பயிற்சியில் சலாவரிசையின் சில அசைவுகளேனும் இடம்பெறட்டும். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் தத்தமக்குரிய இடத்தில் அதைப் பழகட்டும். அண்ணாவிமார் விழா நாளில் மட்டும் தேடப்படுவோராக இராமல், பிள்ளைகளின் ஆசான்களாக மதிக்கப்படட்டும். கலையும் பிழைக்கும், முதுகும் நிமிரும்.