ஒரே பிளேடு, ஒரு ரேசரில் சுகம், இன்னொன்றில் எரிச்சல்: சேஃப்டி ரேசரின் தலைக்குள் என்ன நடக்கிறது?

ஒரே பாக்கெட்டில் இருந்து இரண்டு பிளேடுகளை எடுங்கள். இரண்டு வேறு சேஃப்டி ரேசர்களில் மாட்டி, ஒரு நாள் இதில், மூன்று நாள் கழித்து அதில் ஷேவ் செய்து பாருங்கள். ஒன்றில் கன்னம் அமைதியாக இருக்கும். மற்றொன்றில் கழுத்து எரியும், தாடைக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். பிளேடு ஒன்றுதான். மாறியது அதைப் பிடித்திருக்கும் உலோகத் தலை மட்டுமே.

கார்ட்ரிட்ஜ் விலை ஏறிக்கொண்டே போவதால் பழைய பாணி இருமுனை பிளேடு ரேசருக்கு மாறலாமா என்று யோசிக்கும் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். விற்பனைப் பக்கங்களில் 'மைல்டு', 'அக்ரெசிவ்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். ஆனால் அவை எதை அளக்கின்றன என்று யாரும் சொல்வதில்லை. தப்பான ஒன்றை வாங்கினால் பணம் மட்டும் போகாது, தோலும் சேர்ந்து அடி வாங்கும்.

சுருக்கமாக:

- ஷேவ் எவ்வளவு வசதியாக இருக்கும் என்பதை பிளேடின் கூர்மை மட்டும் முடிவு செய்வதில்லை. ரேசர் தலையின் வடிவத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.
- 'பிளேடு இடைவெளி' என்ற ஒரே எண்ணை வைத்து ரேசரை எடைபோட முடியாது.
- அதிக பிளேடு இருந்தால் அதிக வசதி என்பது எல்லோருக்கும் பொருந்தாது. சுருள் முடிக்காரர்களுக்கு எதிர்மாறாகவும் நடக்கலாம்.
- புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மைல்டு ரேசரே பாதுகாப்பான தேர்வு.

'அக்ரெசிவ்' என்றால் என்ன?

ஒரு இழுப்பில் ரேசர் எவ்வளவு முடியை வெட்டுகிறது, உங்கள் கை தவறு செய்தால் எவ்வளவு மன்னிக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அக்ரெசிவ் என்ற சொல்லின் பொருள். மைல்டு ரேசர் உங்கள் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நான்கு நாள் தாடியை எடுக்க மூன்று, நான்கு முறை ஓட்ட வேண்டிவரும். அக்ரெசிவ் ரேசர் ஒரே ஓட்டத்தில் வேலையை முடிக்கும், ஆனால் கோணம் கொஞ்சம் பிசகினாலும் தோலைக் கீறிவிடும்.

வேகமாக வெட்டுவதும் எரிச்சலும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். மைல்டு ரேசரால் ஒரே இடத்தில் ஐந்து முறை ஓட்டினாலும் தோல் எரியும்தான். உங்கள் தாடிக்குத் தேவையான அளவு வேகமும், அதற்கு மேல் போகாத கட்டுப்பாடும் ஒரே ரேசரில் கிடைப்பதுதான் நல்ல பொருத்தம்.

தலையை முடிவு செய்யும் ஐந்து அளவுகள்

சேஃப்டி ரேசரின் தலையில் மேல்மூடி, அடித்தகடு, இரண்டுக்கும் நடுவில் பிளேடு என மூன்று அடுக்குகள் இருக்கும். அடித்தகட்டின் விளிம்பில் இருக்கும் கம்பி அல்லது சீப்புப் பற்கள்தான் காப்பு விளிம்பு. ஷேவ் செய்யும்போது மேல்மூடி, பிளேடின் முனை, காப்பு விளிம்பு ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தோலைத் தொடும். இந்த மூன்றின் இருப்பிடத்தில் வரும் சிறு மாற்றங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

1. பிளேடு இடைவெளி. பிளேடின் முனைக்கும் காப்பு விளிம்புக்கும் நடுவில் உள்ள சந்து. பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சந்து பெரிதானால் அதற்குள் தோல் கூடுதலாகப் புடைக்கும், நுரையும் நீளமான முடியும் எளிதில் உள்ளே போகும். கனடாவின் ராக்வெல் நிறுவனம் ஒரே ரேசருக்கு ஆறு அடித்தகட்டு நிலைகள் தருகிறது. 1-ஆம் எண் சுமார் 0.20 மி.மீ., 6-ஆம் எண் சுமார் 0.79 மி.மீ. முழு வித்தியாசமும் 0.6 மில்லிமீட்டர்தான். அதற்குள் 'ஒன்றுமே வெட்டவில்லை' என்பதில் இருந்து 'பயமா இருக்கு' என்பது வரை வந்துவிடும்.

2. பிளேடு நீட்டம். மேல்மூடியின் ஓரத்தில் இருந்து காப்பு விளிம்புக்கு ஒரு நேர்கோடு இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பிளேடின் முனை அந்தக் கோட்டின் மேலேயே இருந்தால் நடுநிலை. கோட்டைத் தாண்டி தோலை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் பாசிட்டிவ். கோட்டுக்கு உள்ளே பதுங்கியிருந்தால் நெகட்டிவ். 'பிளேடு முகத்தில் தெரிகிறது' என்று சொல்லும் உணர்வு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. இடைவெளி பெரிதாக இருந்தும் நீட்டம் குறைவாக இருந்தால் ரேசர் மென்மையாக இருக்கலாம். இடைவெளி சின்னதாக இருந்தும் நீட்டம் அதிகமென்றால் கடிக்கலாம். பெட்டியில் பெரும்பாலும் அச்சிடப்படுவது இடைவெளி மட்டும்தான் என்பதால், அதை மட்டும் பார்த்து வாங்குவது பாதி மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ஆளை வேலைக்கு எடுப்பது மாதிரி.

3. கோணம். பிளேடு தோலைத் தொடும் கோணம் சுமார் 30 டிகிரி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கோணம் செங்குத்தாகப் போகப் போக வெட்டுவதற்குப் பதிலாகச் சுரண்டல் நடக்கும். மேல்மூடியின் வளைவும் தடிமனும்தான் கைப்பிடியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்கின்றன. நல்ல தலை சரியான கோணத்தில் தானாக 'உட்காரும்'.

4. பிளேடின் இறுக்கம். இருமுனை பிளேடின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. தானாக நிற்கும் பலம் அதற்குக் கிடையாது. பிடிக்கு வெளியே அது எவ்வளவு நீளம் தொங்குகிறதோ அவ்வளவுக்கு முடியில் மோதும்போது வளையும், அதிரும். இதற்கு எளிய பொறியியல் கணக்கு உண்டு. ஒரு முனை இறுக்கப்பட்ட தகட்டில், தொங்கும் நீளம் இரண்டு மடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். நீளம் வெறும் 20% கூடினாலே வளைவு சுமார் 73% கூடும். பிளேடு அதிர்ந்தால் முடி வெட்டுப்படாமல் இழுபடும், தோல் கீறப்படும். சில அக்ரெசிவ் ரேசர்கள்கூட முகத்துக்கு சுகமாக இருப்பதற்கு இந்த இறுக்கம் ஒரு காரணம்.

5. காப்பு விளிம்பின் வடிவம். நேரான கம்பி தோலை இழுத்துப் பிடித்து சமமாக்கும். சீப்பு மாதிரி பல் வைத்த ஓப்பன் கோம்ப், நுரையையும் நீண்ட முடியையும் அதிகமாக உள்ளே விடும். ஆனால் ஓப்பன் கோம்ப் என்றாலே அக்ரெசிவ் என்ற நம்பிக்கை சரியில்லை. ஜெர்மனியின் மெர்க்கூர் 15சி ஓப்பன் கோம்ப்தான், ஆனால் மென்மையான பக்கத்தில்தான் சேரும். அதே ஜெர்மனியின் மூலே ஆர்41-ம் ஓப்பன் கோம்ப். அது அக்ரெசிவ் ரேசர்களில் முன்வரிசை. அந்த மூலே நிறுவனமே ஆர்89 என்ற மைல்டு தலையையும் அதே மாதிரிக் கைப்பிடியோடு விற்கிறது. வித்தியாசம் முழுக்க தலையில்.

கைப்பிடி? எடையும் பிடிமானமும் முக்கியம்தான். கனமான ரேசர் தன் எடையிலேயே வேலை செய்யும், நீங்கள் அழுத்த வேண்டியதில்லை. ஆனால் தலை சரியில்லாவிட்டால் எந்தக் கைப்பிடியும் காப்பாற்றாது.

120 ஆண்டுப் பழைய பிரச்சினை

அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் பெற்ற காப்புரிமையின் மையமே இந்த இறுக்கப் பிரச்சினைதான். தூக்கியெறியும் அளவுக்கு மலிவாக வேண்டுமென்றால் பிளேடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் தள்ளாடும். அதனால் விறைப்பைப் பிடியில் இருந்து கொடுப்போம் என்பதுதான் அவரது தீர்வு. விற்பனையின் முதல் ஆண்டான 1903-இல் போனது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே.

ஒரே தலை எல்லா முகத்துக்கும் பொருந்தாது என்பதும் சீக்கிரமே புரிந்தது. 1958-இல் ஜில்லெட் கொண்டுவந்த அட்ஜஸ்டபிள் ரேசரில் கைப்பிடியின் கழுத்தில் 1 முதல் 9 வரை எண்கள். திருப்பினால் இடைவெளி கூடும், குறையும். கன்னத்துக்கு 5, கழுத்துக்கு 2 என்று மாற்றிக்கொள்ளலாம். 'ஃபேட்பாய்' என்ற செல்லப்பெயரோடு அதைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் உண்டு.

பிளேடு கூடினால் வசதி கூடுமா?

1971-இல் இரண்டு பிளேடு, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து. கார்ட்ரிட்ஜ் உலகம் இப்படித்தான் நகர்ந்தது. கார்ட்ரிட்ஜில் கோணமும் நீட்டமும் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டுவிடும். பிளேடுகளுக்கு நடுவே சந்து குறுகலாக இருப்பதால் தோல் புடைப்பதும் குறைவு. தலை முகத்தோடு சேர்ந்து ஆடும். அவசரக் காலையில், பாதித் தூக்கத்தில் ஷேவ் செய்ய இது உண்மையிலேயே வசதி.

விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டிவரும். முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் இழுக்க, அது பின்வாங்கும் முன் அடுத்த பிளேடு வெட்டுகிறது என்பதுதான் பல பிளேடு ரேசரின் தத்துவம். வெட்டிய முனை தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடலாம். நேர் முடிக்காரர்களுக்கு இது வழவழப்பு. சுருள் முடி என்றால், அந்த முனை வளரும்போது தோலையே குத்தி உள்ளே திரும்பும். கழுத்தில் வரும் சிவந்த கட்டிகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். 'இன்னும் விலை கூடின ரேசர் வாங்கினா சரியாகிடும்' என்று ஐந்து பிளேடுக்குப் போகும் ஒருவருக்குப் பிரச்சினை கூடவும் செய்யலாம். அவருக்கு மைல்டான ஒற்றை பிளேடு நல்ல மாற்று. கட்டிகள் நீடித்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு குவளைத் தண்ணீர் கற்றுக்கொடுத்த பாடம்

ரேசர் வடிவமைப்பு முகத்தை மட்டும் சார்ந்ததில்லை, குளியலறையையும் சார்ந்தது. இதற்கு இந்தியாவே உதாரணம். 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கான ஒரு ரேசரை ஜில்லெட் அமெரிக்காவின் எம்ஐடி-யில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் சோதித்தது. அங்கே எல்லாம் சரி. இங்கே வந்தபோது முடி சிக்கி அடைத்துக்கொண்டது. காரணம், இங்கே பலர் ஓடும் குழாயில் அல்ல, ஒரு குவளைத் தண்ணீரில்தான் ரேசரை அலசினார்கள். பிறகு ஆய்வாளர்கள் இந்திய வீடுகளுக்கே வந்து பார்த்து உருவாக்கியதுதான் 2010-இல் 15 ரூபாய்க்கு வந்த ஜில்லெட் கார்டு. மாற்று பிளேடு 5 ரூபாய். ஒரே பிளேடு, எளிதில் அலசும் அமைப்பு, தோலைச் சமப்படுத்தும் காப்புச் சீப்பு. ஐந்து பிளேடு காலத்தில் அதே நிறுவனம் ஒற்றை பிளேடுக்குத் திரும்பியது.

சரி, எனக்கு எது?

- முதல் முறை சேஃப்டி ரேசர்: நேரான கம்பி, மைல்டு தலை. ஒரு மாதம் கை பழகட்டும்.
- தினமும் ஷேவ், மென்மையான தோல் அல்லது பரு: மைல்டு, இறுக்கமாகப் பிடிக்கும் தலை.
- அடர்த்தியான முடி, வாரம் ஒன்றிரண்டு முறை மட்டும் ஷேவ்: நடுத்தரம், அல்லது ஓப்பன் கோம்ப்.
- முடிவு செய்ய முடியவில்லை: அட்ஜஸ்டபிள். விலை கூட, ஆனால் ஒரே ரேசரில் எல்லாவற்றையும் சோதிக்கலாம்.

ரேசரை மாற்றும் முன் இன்னொன்றைச் சோதியுங்கள். முடியை நனைத்து இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல் ஓட்டுங்கள். பல 'அக்ரெசிவ்' ரேசர்கள் இதிலேயே சாதுவாகிவிடும். 5 முதல் 7 ஷேவுக்கு ஒருமுறை பிளேடை மாற்றச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி. முடி எஃகைவிட சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் அது வளைந்து மோதும்போது பிளேடின் முனையில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன என்று 2020-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். மழுங்கின பிளேடைப் போட்டுக்கொண்டு ரேசரைத் திட்டுவதில் பயனில்லை.

செலவு, பயணம், குப்பை

செலவைக் கணக்கிட ஒரே சூத்திரம்: பிளேடு விலையை ஷேவ் எண்ணிக்கையால் வகுங்கள். உதாரணத்துக்கு, 5 ரூபாய் பிளேடில் 5 ஷேவ் என்றால் ஒரு ஷேவுக்கு 1 ரூபாய். 150 ரூபாய் கார்ட்ரிட்ஜில் 15 ஷேவ் என்றால் 10 ரூபாய். வாரம் மூன்று ஷேவ் என்றால் ஆண்டுக்கு 156 ரூபாய்க்கும் 1,560 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். உங்கள் விலைகளைப் போட்டுப் பாருங்கள்.

விமானத்தில் தனி பிளேடைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. செக்-இன் பெட்டியில் வையுங்கள், இல்லையென்றால் போகும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள். அதைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். ஒரு பழைய தகர டப்பாவின் மூடியில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, பிளேடுகளை அதில் சேருங்கள். பல ஆண்டுக்கு நிரம்பாது. நிரம்பியதும் கீறலை டேப் போட்டு மூடி, மேலே 'பிளேடு' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.