முன்குறிப்பும் மனித சித்தமும்: டோர்ட்ரெக்ட் மாமன்றத்தின் சரித்திரம்

கடவுள் எல்லாம் வல்லவர் என்று ஒப்புக்கொண்ட அக்கணமே ஒரு சிக்கல் முளைக்கின்றது. அவர் சித்தமின்றி ஒன்றும் நிகழாதென்றால், மனிதன் செய்யும் பாவமும் அவர் சித்தத்தாலோ நிகழ்வது? அன்றெனின், அவர் சித்தத்திற்கு அப்பாலும் ஓர் ஆற்றல் உண்டென்று ஆகாதோ? கிறிஸ்து சமயத்துப் பேரறிஞர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவோடு போராடி வந்திருக்கின்றனர். மனிதன் தன் முயற்சியாலேயே நல்வழி நிற்கலாகும் என்று போதித்த பெலேஜியஸ் என்னும் துறவியை, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போ நகரத்து அகஸ்தீன் மறுத்து, கிருபையின்றி அவனால் ஆவது ஒன்றுமில்லை என நிலைநாட்டினார். 1524-ல் எராஸ்மஸ் மனித சித்தத்தின் சுதந்தரத்தை ஆதரித்து ஒரு நூல் வெளியிட, அடுத்த ஆண்டே மார்ட்டின் லூதர் அச்சித்தம் அடிமைப்பட்டதென்று மறுப்பு நூல் எழுதினார். ஜெனீவாவில் கால்வின், இன்னாருக்கு இரட்சிப்பு, இன்னாருக்கு ஆக்கினை என்பது உலகம் தோன்றுமுன்னரே கடவுளால் முன்குறிக்கப்பட்டதென்று வரையறுத்தார்.

இவையெல்லாம் பெரும்பாலும் ஏட்டிலும் பிரசங்க மேடையிலும் நடந்த போர்கள். இதே வாதம் ஒரு நாட்டையே இரு கூறாக்கி, அதன் தலைசிறந்த மந்திரியைக் கொலைக்களத்திற்கு இழுத்துச் சென்றதும் உண்டு. அது நெதர்லாந்திலே, ஒல்லாந்தர் நாட்டிலே, நடந்தது.

யாக்கோபஸ் ஆர்மினியஸ் ஔடவாட்டர் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஸ்பெயின் மன்னனின் ஆட்சியை எதிர்த்து ஒல்லாந்தர் போராடிய காலம் அது. 1575-ல் ஸ்பானியப் படை அவ்வூரைப் பிடித்து மக்களை வெட்டி வீழ்த்தியது. வெளியூரில் கல்வி கற்றுக்கொண்டிருந்த ஆர்மினியஸ் மட்டும் உயிர் தப்பினார். தாயும் உடன்பிறந்தாரும் மாண்டனர். பின்னர் அவர் லைடன் சர்வகலாசாலையிலும், ஜெனீவாவில் கால்வினின் வாரிசான பீசாவின் கீழும் பயின்றார். 1588-ல் ஆம்ஸ்டர்டாம் சபையின் குருவானார். அந்நகரிற் கொள்ளைநோய் பரவிய நாளில் நோயாளரின் வீடுகளுக்கு அஞ்சாது சென்று வந்தவர் அவர். 1603-ல் லைடனில் வேதசாஸ்திரப் பேராசிரியரானதும், அங்கே ஏற்கெனவே பேராசிரியராக விளங்கிய பிரான்சிஸ்கஸ் கோமாரஸ் என்பாரோடு பிணக்கு மூண்டது.

இருவர் கொள்கையையும் விளக்க, நாளெல்லாம் செக்ரோலில் பெயர் பதியும் தோட்டத்துக் கிராணியாகிய எனக்குத் தெரிந்த உவமையையே கையாளுகின்றேன். பெரட்டுக்கு ஒருவரும் வருமுன்னரே, ஏன், தோட்டமே உண்டாகுமுன்னரே, இன்னின்னார்க்குக் கூலி, இன்னின்னார்க்கு இல்லை என்று துரை தம் சித்தப்படி ஏட்டில் எழுதிவிட்டார். வேலையைப் பார்த்து எழுதவில்லை. இது கோமாரஸின் கட்சி. ஏடு முன்னரே எழுதப்பட்டது மெய்தான். ஆயின் யார் அழைப்புக்கு இணங்கி வருவார், யார் மறுப்பார் என்பதை முன்னறிந்தே துரை எழுதினார் என்பது ஆர்மினியஸின் கட்சி. உவமை முழுதும் பொருந்தாது. அழைப்புக்கு இணங்கும் வலிமையும் கடவுள் கிருபையாலேயே கிடைக்கின்றதென்று ஆர்மினியஸ் அழுத்தமாகக் கூறினார். அக்கிருபையை மனிதன் தள்ளிவிடவும் கூடும் என்பதொன்றே அவர் வேண்டியது. அவரைப் பெலேஜியஸின் மறுபிறவி என்று பகைவர் தூற்றியது நியாயமன்று. மனிதனின் பெருமையைக் காட்டிலும், பாவத்திற்குக் கடவுளே கர்த்தா என்னும் பழி நேராமற் காப்பதிலேயே அவர் கருத்தாயிருந்தார்.

முன்குறிப்பு என்றதும் நம்மில் பலர் தலையெழுத்தென்றே கொள்வர். இரண்டும் ஒன்றல்ல. நம் நாட்டு ஊழ்க் கொள்கை, ஒருவன் முன்பு செய்த வினையே இன்று அவனைத் தொடர்கின்றது என்பது, அதிலே கணக்குண்டு. கால்வினின் முன்குறிப்பில் மனிதன் செய்த நன்மை தீமை எதுவும் தெரிந்துகொள்ளுதலுக்குக் காரணமாகாது. கடவுளின் சித்தம் ஒன்றே காரணம். ஒருவன் கூலியாவதும் முதலாளியாவதும் அங்கே பேச்சன்று. ஆன்மாவின் இறுதிக் கதியே பேச்சு. இவ்வேற்றுமையை மறந்தால் பின்வரும் சரித்திரம் விளங்காது.

1609 அக்டோபரில் ஆர்மினியஸ் இறந்தார். மறு ஆண்டு, உய்டன்போகார்ட் என்பாரின் தலைமையில் நாற்பதுக்கு மேற்பட்ட குருமார் ஐந்து பிரிவுகள் கொண்ட முறையீடு ஒன்றை ஹாலந்து மாகாண அரசுக்குச் சமர்ப்பித்தனர். அதனால் அவர்க்கு முறையீட்டார் எனப் பெயராயிற்று. 1611-ல் எதிர்க்கட்சியினர் எதிர்முறையீடு தந்தனர்.

இங்கேதான் அரசியல் நுழைந்தது. ஹாலந்தின் தலைமை மந்திரி ஓல்டன்பார்னவெல்ட் ஸ்பெயினோடு பன்னீராண்டுப் போர்நிறுத்தத்தை 1609-ல் முடித்தவர். சேனாதிபதி மௌரிட்ஸ் இளவரசர் அதனை விரும்பாதவர். மந்திரியும் செல்வமிக்க நகராட்சியாளரிற் பலரும் முறையீட்டாரை ஆதரித்தனர். தெற்கிலிருந்து ஸ்பானியக் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த அகதிகளுள்ளும் நெசவாளர் முதலிய எளியோருள்ளும் பெரும்பாலோர் எதிர்முறையீட்டார் பக்கம் நின்றனர்.

நேயர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டுகின்றேன். எல்லாம் முன்னரே குறிக்கப்பட்டதென்று நம்புவோர் கைகட்டிச் சும்மா இருப்பர் என்பதே நாம் எதிர்பார்ப்பது. ஹாலந்தில் நடந்ததோ வேறு. தங்கள் சபையின் குருமார் நீக்கப்பட்டபோது, ஹேக் நகரத்து எதிர்முறையீட்டார் பக்கத்து ஊராகிய ரைஸ்வைக் வரை மழையிலும் சேற்றிலும் நடந்து சென்று பிரசங்கம் கேட்டனர். அதனால் அவர்களைச் சேற்றுப் பிச்சைக்காரர் என்று ஏளனம் செய்தனர். கடவுள் தெரிந்துகொண்டதை ஸ்பெயின் மன்னனாலும் மாற்றவொண்ணாது என்று நம்புகிறவன் எந்த மன்னனுக்கு அஞ்சுவான்? மறுபுறம், மனித சித்தத்திற்கு இடந்தந்த கொள்கையினர் நகராட்சியாளரின் அதிகார நிழலில் ஒதுங்கினர். 1617 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்ட், கலகத்தை அடக்க நகரங்கள் தாமே கூலிப்படை திரட்டலாம் என்று தீர்மானம் நிறைவேற்றுவித்தார். மென்மையான சித்தாந்தம் மென்மையான ஆட்சியைத் தருமென்ற உறுதியொன்றுமில்லை.

மௌரிட்ஸ் அதற்கு முந்தின மாதமே எதிர்முறையீட்டாரின் கோவிலுக்கு வெளிப்படையாகச் சென்று தம் கட்சியை உலகறியச் செய்திருந்தார். முன்குறிப்பைப்பற்றி அவர் ஆழ்ந்து சிந்தித்தவர் என எண்ண எனக்கு மனம் வரவில்லை. கூலிப்படைகள் தம் சேனாதிபத்தியத்திற்கு விடுத்த அறைகூவல் என்பதை அவர் நன்குணர்ந்தார். அப்படைகளைக் கலைத்து, 1618 ஆகஸ்டு 29-ல் மந்திரியைச் சிறைப்படுத்தினார். அவரோடு பிடிபட்டவருள் ஒருவர் ஹ்யூகோ குரோஷியஸ். இவர் பெயர் நம் கடலோடும் தொடர்புடையது: 1603-ல் சிங்கப்பூருக்கருகே ஒல்லாந்தர் கைப்பற்றிய சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துகீசியக் கப்பலின் வழக்கை ஆதரித்து எழுதப் புகுந்ததிலிருந்தே, கடல் எவர்க்கும் பொது என வாதிக்கும் இவரது புகழ்பெற்ற நூல் 1609-ல் தோன்றியது.

இச்சிறைப்படுத்தல் முடிந்த பின்னரே, நவம்பர் 13-ல், டோர்ட்ரெக்ட் நகரில் மாமன்றம் கூடிற்று. இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மானிய நாடுகளிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தனர். முறையீட்டார் வாதிப்பதற்கு அழைக்கப்பட்டாரல்லர், குற்றஞ்சாட்டப்பட்டவராய் வரவழைக்கப்பட்டனர். அவர் தலைவர் எப்பிஸ்கோப்பியஸ் விசாரணை முறையையே எதிர்த்து நின்றார். 1619 ஜனவரி 14-ல் சபாபதி போகர்மன் சினந்து அவர்களை மன்றத்தினின்று வெளியேற்றினார். தீர்ப்பு யாவரும் எதிர்பார்த்ததே: தெரிந்துகொள்ளுதல் நிபந்தனையற்றது, கடவுள் தெரிந்துகொண்டவரிடத்தில் கிருபை தவறாது வென்றே தீரும்.

நியாயத்திற்காக ஒன்று சொல்லவேண்டும். அத்தீர்மானங்கள் கோமாரஸின் கடுங்கொள்கையை அப்படியே ஏற்கவில்லை. கிருபை மனித சித்தத்தை அழிப்பதில்லை, உயிர்ப்பிக்கின்றது என்றும் கூறின. வேதாகமத்தை மூலமொழிகளிலிருந்து ஒல்லாந்த மொழியிற் பெயர்க்க வழி செய்ததும் இம்மன்றமே. அப்பெயர்ப்பு 1637-ல் வெளிவந்து அம்மொழியின் உரைநடையையே உருவாக்கிற்று.

மே 6-ல் தீர்மானங்கள் டோர்ட்ரெக்ட் பெரிய கோவிலில் வாசிக்கப்பட்டன. ஏழே நாள் கழித்து, 13-ஆம் தேதி, எழுபத்தோராண்டு நிறைந்த ஓல்டன்பார்னவெல்ட் ஹேக் நகரத்து அரண்மனை முற்றத்தில் தலை வெட்டுண்டார். நாற்பதாண்டுக்கு மேல் அந்நாட்டுக்கு உழைத்த தலை அது. அவர் தாய்நாட்டை விற்றதற்குச் சான்று எதுவும் இல்லை. குரோஷியஸுக்கு ஆயுட்சிறை. லூவஸ்டைன் கோட்டையில் அவர் படிப்பதற்குப் புத்தகப் பெட்டிகள் வந்துபோவது வழக்கம். காவலர் நாளடைவிற் பெட்டியைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டனர். 1621 மார்ச்சு 22-ல் அவர் மனைவி மரியா, கணவரை ஒரு பெட்டிக்குள் அடைத்து வெளியே அனுப்பிவிட்டு, தான் சிறையில் தங்கினாள். அப்பெண்மணியின் சித்தம் அடிமைப்பட்டதென்று எந்த மன்றம் தீர்மானித்தாலும் நான் நம்புதற்கில்லை.

முறையீட்டார் குருமாரில் ஏறக்குறைய இருநூற்றுவர் பதவி இழந்தனர். வாய்மூடியிருப்பதாக வாக்களிக்க மறுத்த எண்பதின்மர் வரையிலானோர் நாடு கடத்தப்பட்டனர். 1625-ல் மௌரிட்ஸ் இறந்தபின் அவர் தம்பியின் ஆட்சியில் கடுமை தளர்ந்தது. 1630-ல் ஆம்ஸ்டர்டாமில் முறையீட்டாரின் கோவில் எழுந்தது. 1634-ல் அவர்தம் கலாசாலை எப்பிஸ்கோப்பியஸின் கீழ்த் தொடங்கிற்று. கொலைக்களமும் நாடுகடத்தலும் சாதித்தது பதினோராண்டுத் தாமதமே.

இரு கட்சியும் நம் கரைக்கும் வந்து சேர்ந்தன. 1641-ல் ஒல்லாந்தர் மலாக்காவைப் பிடித்தபோது அவர்களோடு வந்தது டோர்ட்ரெக்ட் சபையே. அவர்கள் 1753-ல் கட்டி முடித்த கோவில் 1838-ல் ஆங்கிலத் திருச்சபையின் வசமாயிற்று. இன்றும் அது அங்கே நிற்கின்றது. ஆர்மினியஸின் கொள்கையோ இங்கிலாந்தைச் சுற்றி வந்தது. ஜான் வெஸ்லி அதனைத் தழுவி, 1778-ல் தம் மாதப் பத்திரிகைக்கு ஆர்மினியஸின் பெயரையே சூட்டினார். அவர் வழிவந்த மெதடிஸ்டுகள் 1885-ல் சிங்கப்பூரில் வந்திறங்கி, மறு ஆண்டே ஒரு பள்ளிக்கூடம் திறந்தனர். அதனைத் திறந்த ஓல்டம் பாதிரியார் பெங்களூரிற் பிறந்தவர்.