புகார் சொல்லும் பெட்டியும் பழுதான கம்பியும்

ஒரு எக்ஸ்கவேட்டரின் திரையில் 'எஞ்சின் கன்ட்ரோலருடன் தொடர்பு இல்லை' என்று எச்சரிக்கை வருகிறது. பின்னால் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. த்ரோட்டில் டயலைத் திருப்பினால் மட்டும் வேகம் ஏறுவதில்லை. கனரக இயந்திரங்களின் மின்னணுப் பழுதுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து என்னை ரொம்ப இழுத்தது இந்தப் புதிர்தான். திரையில் எஞ்சின் பெயர் வந்துவிட்டதால் சந்தேகம் முதலில் எஞ்சின் ஈசியூ மேல்தான் விழும். விலை உயர்ந்த பெட்டி அது. அதை மாற்றியும் அதே எச்சரிக்கை வந்தால், கடன் வாங்கி வண்டி ஓட்டுகிற உரிமையாளர் பாடு திண்டாட்டம்தான்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. அது பேசும் மொழியை நாம்தான் சரியாக வாசிக்க வேண்டும். அந்த மொழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஆரம்பத்தில் கணக்கு எளிது. ஒரு சென்சார், அதற்கு ஒரு வயர், மறுமுனையில் ஒரு மீட்டர். ஆயில் பிரஷர் முள் ஆடவில்லையா, அந்த ஒரு வயரைப் பிடித்துக்கொண்டே போனால் பழுது கிடைத்துவிடும். 1980களில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக ஆரம்பித்ததும் டீசல் எஞ்சினுக்குள் கணினி நுழைந்தது. பிறகு கியர்பாக்ஸுக்கு ஒன்று, ஹைட்ராலிக்ஸுக்கு ஒன்று என்று பெட்டிகள் பெருகின. ஒவ்வொரு பெட்டிக்கும் மற்ற எல்லாப் பெட்டியோடும் தனித்தனி வயர் இழுத்தால் வயரிங் கட்டு தாங்காது.

அமெரிக்க லாரிகளில் முதலில் வந்த விடை ஜே1708 என்ற இரட்டைக் கம்பித் தடம். வேகம் நொடிக்கு 9,600 பிட். பழுதைச் சொல்ல அது போதும், இயந்திரத்தை ஆள அது பத்தாது. கேட்டர்பில்லர் தன் இயந்திரங்களுக்கென்று 'கேட் டேட்டா லிங்க்' என்ற தனித் தடமே வைத்திருந்தது.

இதற்கிடையில் ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1983இல் கார்களுக்காக ஒரு வேலையைத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரில் நடந்த எஸ்ஏஇ மாநாட்டில் வெளியிட்டது. அதுதான் கேன் பஸ். அடுத்த வருடமே இன்டெல் அதற்கான சிப்பைக் கொண்டுவந்தது. 1993இல் ஐஎஸ்ஓ 11898 என்ற உலகத் தரமானது. லாரி, டிராக்டர், கட்டுமான இயந்திரம் எல்லாவற்றுக்குமாக அதன்மேல் எஸ்ஏஇ அமைப்பு கட்டிய பேச்சுமொழிதான் ஜே1939. வேகம் நொடிக்கு 2,50,000 பிட். பழைய தடத்தைப் போல 26 மடங்கு.

கேன் பஸ்ஸை ஊர்க்கூட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். யாரும் யார் காதிலும் தனியாகப் பேசுவதில்லை. எஞ்சின் தன் வேகத்தைப் பொதுவில் சொல்லும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் முக்கியமான செய்தி தடையில்லாமல் போகும், மற்றது காத்திருக்கும். எஞ்சின் வேகச் செய்திக்கு முன்னுரிமை எண் 3. நொடிக்கு ஒரு முறை வரும் தண்ணீர்ச் சூட்டுச் செய்திக்கு 6. எண் சிறியதாக இருந்தால் உரிமை பெரியது.

பாஷ் பொறியாளர்கள் இதில் இன்னொரு ஏற்பாடும் வைத்தார்கள். நம் புதிரின் சாவி அங்கேதான். கெட்டுப்போன ஒரு பெட்டி விடாமல் உளறி மொத்தக் கூட்டத்தையும் கெடுத்துவிடக் கூடாது இல்லையா? அதனால் ஒவ்வொரு பெட்டியும் தன் தவறுகளைத் தானே எண்ணிக்கொள்ளும். அனுப்பிய செய்தி சிதைந்தால் கணக்கில் 8 ஏறும். சரியாகப் போனால் 1 இறங்கும். கணக்கு 255ஐத் தாண்டினால் அந்தப் பெட்டி தடத்திலிருந்து தானே விலகி வாயை மூடிக்கொள்ளும். இதற்கு 'பஸ் ஆஃப்' என்று பெயர்.

அருமையான ஏற்பாடுதான். ஆனால் கெட்டது பெட்டியில்லை, கம்பி என்றால்? நல்ல பெட்டி அனுப்பும் செய்தியும் வழியில் சிதையும், கணக்கு ஏறும், கடைசியில் அதுவும் மௌனமாகும். உடனே மற்ற பெட்டிகள் 'எஞ்சினைக் காணோம்' என்று கோடு எழுதிவைக்கும். காணாமல் போனவர் பெயர் திரையில் வருகிறது. காணாமல் போக வைத்தவர் பெயர் எங்கேயும் வராது.

கோடுகளை ஊன்றிப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும். ஜே1939 கோடு இரண்டு எண்களால் ஆனது. எஸ்பிஎன் எதைப் பற்றி என்று சொல்லும்: 100 என்றால் ஆயில் பிரஷர், 190 என்றால் எஞ்சின் வேகம். எஃப்எம்ஐ என்ன குறை என்று சொல்லும். 3, 4 வந்தால் மின்னழுத்தம் கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. அப்போது அந்த சென்சாரையும் அதன் வயரையும் பார்க்கலாம். 9 வந்தால் 'வரவேண்டிய செய்தி நேரத்துக்கு வரவில்லை' என்று பொருள். எஸ்பிஎன் 639 வந்தால் புகாரே தடத்தைப் பற்றியதுதான். பல பெட்டிகள் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் காணோம் என்று சொன்னால், பெட்டியை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

அதற்கு வேண்டியது சாதாரண மல்டிமீட்டர். தடத்தின் இரு கோடியிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். கோடியில் மோதும் சிக்னல் எதிரொலியாகத் திரும்பாமல் அது தடுக்கும். சாவியை அணைத்து, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ஒன்பது முள் டயக்னாஸ்டிக் கனெக்டரில் சி, டி முள்களுக்கு நடுவே அளந்தால் 60 ஓம்ஸ் சுற்றி வரவேண்டும். 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பியும் உரசிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கனெக்டரிலேயே எஃப், ஜி முள்கள் பழைய ஜே1708 தடத்துக்கு ஒதுக்கியவை. இரண்டு தலைமுறையும் ஒரே வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

நின்ற இடத்தில் 60 காட்டுவதோடு முடிந்துவிடாது. இது கார் இல்லை. வீல் லோடர் நடுவில் மடங்கித் திரும்பும்போதெல்லாம் ஹார்னஸும் கூடவே மடங்குகிறது. அதிர்வில் இன்சுலேஷன் தேய்கிறது. வாட்டர் வாஷ் தண்ணீர் கனெக்டருக்குள் இறங்கி முள்ளில் பச்சை பூக்கிறது. அதனால் மீட்டரை மாட்டியபடியே வயரைக் கையால் அசைத்து, எந்த இடத்தில் எண் துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். சாவி போட்ட நிலையில் கேன் ஹை, கேன் லோ இரண்டின் வோல்ட்டையும் தனித்தனியே அளந்து கூட்டினால் 5 சுற்றி வரவேண்டும். ரொம்ப விலகினால் ஒரு கம்பி பாடியையோ பேட்டரி லைனையோ தொட்டிருக்க வாய்ப்புண்டு.

தயாரிப்பாளர்கள் ஜே1939 தடத்தில் தங்களுக்கென்று தனிச் செய்திகளையும் அனுப்பலாம். அவற்றைப் படிக்க அவர்களுடைய மென்பொருள் வேண்டும். அது எல்லா மெக்கானிக் கைக்கும் எட்டாது. ஆனால் 60 ஓம்ஸ் என்ற எண்ணுக்குப் பூட்டு கிடையாது. ஈசியூவுக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கும் உரிமை வண்டிக்காரருக்கு இருக்கிறது.