ஆட்டம் யாருடையது, பெயர் யாருடையது?
காதரின் டன்ஹாமும் பிராட்வே மேடையும்

1940 அக்டோபர் 25. நியூயார்க் நகரத்தின் பிராட்வேயில், மார்ட்டின் பெக் அரங்கில் 'கேபின் இன் த ஸ்கை' என்கிற இசைநாடகம் மேடையேறியது. நடித்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள். நாயகி எத்தெல் வாட்டர்ஸ். நாயகனை மயக்க வரும் ஜார்ஜியா பிரவுனாக ஆடியவர் காதரின் டன்ஹாம். கூட ஆடியவர்கள் அவருடைய சொந்தக் குழுவினர். ஆனால் கதை எழுதியவர், பாட்டுக் கட்டியவர், இசையமைத்தவர், இயக்கியவர் எல்லாரும் வெள்ளையர்கள். ஆட்டங்களை அமைத்தவர் என்றும் ஒரே ஒரு பெயர்தான் பதிவானது: ரஷ்யாவில் பாலே பயின்று வந்த ஜார்ஜ் பாலன்சைன். அந்த ஆட்டங்களை பாலன்சைனும் டன்ஹாமும் சேர்ந்தே அமைத்தார்கள் என்று நடன வரலாறு எழுதுகிறவர்கள் இன்றைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். நாடகம் 156 காட்சிகள் ஓடியது. டன்ஹாம் அதில் ஆடினார். ஆட்டத்தைக் கட்டியவர்களில் ஒருவர் என்கிற பெயர் மட்டும் அவருக்கு இல்லை.

பாலன்சைனைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. கேள்வி அந்த ஏற்பாட்டைப் பற்றியது. கறுப்பன் ஆடலாம், அவனுக்கு ஆட்டம் 'ரத்தத்திலேயே' இருக்கிறது. ஆனால் அதை யோசித்து, கணக்குப் போட்டு, வரிசைப்படுத்தி அமைக்கிற மூளை வெள்ளைக்காரனுக்குத்தான் உண்டு. இந்த ஏற்பாட்டின் தத்துவம் இவ்வளவுதான். உழைப்பு ஒருத்தனுக்கு, அறிவு இன்னொருத்தனுக்கு என்று பிறப்பிலேயே பிரித்து வைத்த கதை நமக்குத் தெரியாததா என்ன?

இந்த ஏற்பாடு 1940-ல் தொடங்கியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரின் பாட்டையும் ஆட்டத்தையும் கேலியாக்கிக் காசு பார்த்தார்கள். 1921-ல் 'ஷஃபிள் அலாங்' வந்தது. கறுப்பர்களே எழுதி, இசையமைத்து, நடித்த அந்த நாடகம் 504 காட்சிகள் ஓடிப் பிராட்வேயைத் திகைக்க வைத்தது. 1923-ல் 'ரன்னிங் வைல்ட்' நாடகம் சார்ல்ஸ்டன் ஆட்டத்தை ஊரெல்லாம் பரப்பியது. கொஞ்ச காலத்திலேயே அது வெள்ளையரின் விருந்து ஆட்டமாகிவிட்டது. பட்டி பிராட்லி என்கிற கறுப்பு ஆசான் 1920-களில் நியூயார்க்கில் வெள்ளை நட்சத்திரங்களுக்கு அடவு சொல்லிக் கொடுத்தார். அவர்கள் அதை மேடையில் ஆடிக் கைதட்டு வாங்கினார்கள். நிகழ்ச்சித்தாளில் அவர் பெயர் வருவது அபூர்வம். தன் பெயரோடு ஆட்டம் அமைக்க அவர் 1930-ல் லண்டனுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது.

இந்த வரிசையில்தான் டன்ஹாம் வருகிறார். ஆனால் கையில் வேறொரு ஆயுதத்தோடு வருகிறார்.

அவர் பிறந்தது 1909-ல், சிகாகோவில். அப்பா கறுப்பர், துணி வெளுக்கும் கடை நடத்தியவர். அம்மா சிறுவயதிலேயே இறந்துபோனார். டன்ஹாம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். 1935-ல் ரோசன்வால்ட் நிதி உதவி கிடைக்க, கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பினார். ஜமைக்காவின் அக்கம்பாங் மலையூரில், தப்பியோடி மலைக்காட்டிலிருந்து பிரிட்டிஷ்காரனை எதிர்த்துப் போரிட்ட அடிமைகளின் வாரிசுகளோடு தங்கினார். பிறகு மார்ட்டினிக், டிரினிடாட், ஹெய்ட்டி. ஹெய்ட்டியில் ஓரமாக நின்று குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பவில்லை. வோடு வழிபாட்டுக்குள்ளேயே சென்று தீட்சை பெற்றார்.

அங்கே அவர் கற்றது வெறும் அடவுகளை இல்லை. ஓர் உடம்பு எப்படி வரலாற்றைப் பத்திரப்படுத்தி வைக்கிறது என்பதைக் கற்றார். அடிமையிடமிருந்து மொழியைப் பிடுங்கினார்கள், பெயரைப் பிடுங்கினார்கள், பிள்ளையைப் பிடுங்கினார்கள். முதுகும் இடுப்பும் தோளும் அறிந்திருந்த தாளத்தை மட்டும் பிடுங்க முடியவில்லை. யன்வலூ என்கிற ஆட்டத்தில் முழங்கால் மடங்கி, முதுகெலும்பு பாம்பு போல அலையலையாக நெளியும். டம்பாலா என்கிற பாம்புத் தெய்வத்தோடு சேர்ந்த ஆட்டம் அது. ஆண்டைக்கு முன்னால் வளையும் முதுகை நாம் அறிவோம். யன்வலூவில் முதுகு தெய்வத்துக்காக வளைகிறது. வளைந்தபடியே மண்ணிலிருந்து பலம் எடுக்கிறது. பாலே உடம்பை விறைப்பாக மேலே இழுக்கும். டன்ஹாம் பாலேயையும் படித்தவர். இரண்டையும் சேர்த்து, தலை, தோள், விலா, இடுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெவ்வேறு தாளத்துக்கு அசைக்கும் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். இன்றும் உலகெங்கும் அது 'டன்ஹாம் முறை' என்றே கற்பிக்கப்படுகிறது. நிகழ்ச்சித்தாள் தராத பெயரைப் பயிற்சிக்கூடம் தந்துவிட்டது.

பிராட்வேக்கு அவர் வந்த வழியும் கவனிக்க வேண்டியது. நியூயார்க்கில் பெண்கள் ஆடைத் தையல் தொழிலாளர் சங்கம், தன் தொழிலாளர்களையே நடிக்க வைத்து 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்கிற நாடகத்தை 1937 முதல் நடத்திவந்தது. ஆயிரம் காட்சிகளைத் தாண்டி ஓடியது அது. 1939-ல் அதற்கு ஆடல் இயக்குநராக வந்தவர் டன்ஹாம். 'கேபின் இன் த ஸ்கை' அடுத்த வருஷம். பெயர் மறைக்கப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு அவர் ஒடுங்கிப்போகவில்லை. 1943-ல் அதே மார்ட்டின் பெக் அரங்குக்கு 'டிராப்பிகல் ரெவ்யூ' என்கிற தன் சொந்த நிகழ்ச்சியோடு திரும்பி வந்தார். 1945-ல் 'கரீப் சாங்', 1946-ல் 'பால் நீக்ர்', 1962-ல் 'பம்போஷே' என்று பிராட்வேயிலேயே தொடர்ந்தார். இப்போது ஆட்டமும் அவருடையது, பெயரும் அவருடையது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைக்கக் கூடாது. டிக்கெட் வாங்கி வந்த வெள்ளைக் கூட்டத்தில் பலர் சடங்கின் வரலாறு தெரிந்துகொள்ள வரவில்லை. இடுப்பைப் பார்க்க வந்தார்கள். பத்திரிகைக்காரர்களும் 'படித்த பெண் இப்படிச் சூடாக ஆடுகிறாளே' என்றுதான் வியந்தார்கள். ஒரு ஜனத்தின் வழிபாட்டைக் கொண்டுவந்து கேளிக்கைச் சந்தையில் விரிப்பது சரியா? இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது. ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். பருவச் சடங்கை வைத்து அவர் அமைத்த 'ரீட்ஸ் த பசாஜ்' ஆட்டத்தை 1944-ல் பாஸ்டன் நகரத்துத் தணிக்கை ஆபாசம் என்று தடுத்தது. அரைகுறை ஆடையில் வெள்ளைப் பெண்கள் கால் தூக்கும் கேளிக்கைகள் நாடெங்கும் நடந்த காலம் அது. கறுப்பு உடம்பு சிரிக்கவைத்தால் கேளிக்கை, தன் சடங்கைக் காட்டினால் ஆபாசம்!

அதே 1944 அக்டோபரில், கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்தில் ஆட்டம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் டன்ஹாம் மேடையிலேயே நின்று பேசினார். என் ஜனங்களை உங்களோடு சமமாக உட்கார விடாத இந்த அரங்கத்துக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிப்புட்டார். கைதட்டினவர்களிடமே சொன்னார் என்பதுதான் விசேஷம். 1950-ல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்தில் ஒரு பெரிய ஓட்டல் அவருக்கு அறை தர மறுத்தது. அவர் அதைப் பத்திரிகைகளிடம் போட்டு உடைத்தார். எழுந்த கூச்சலில், 1951 ஜூலையில் நிறப் பாகுபாட்டைக் குற்றமாக்கும் 'அஃபோன்சோ அரினோஸ்' சட்டத்தைப் பிரேசில் கொண்டுவந்தது.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் போகுமா? 1951-ல் சிலி நாட்டின் சாந்தியாகோவில் 'சவுத்லேண்ட்' என்கிற ஆட்ட நாடகத்தை அரங்கேற்றினார். வெள்ளைக்காரி ஒருத்தி பொய்ப்பழி சுமத்த, ஒரு கறுப்பு விவசாயக் கூலியைக் கும்பல் கொன்று மரத்தில் தொங்கவிடும் கதை. அமெரிக்கத் தூதரகம் நெருக்கியது. 1953-ல் பாரிஸில் மறுபடியும் துணிந்து ஆடினார். அப்புறம் அவர் உயிரோடிருந்தவரை அது மேடையேறவே இல்லை. 2012-ல்தான் மற்றொரு குழு அதை உயிர்ப்பித்தது. 1954 முதல் அமெரிக்க அரசு தன் செலவில் நடனக் குழுக்களை வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியபோது, ஏற்கெனவே உலகம் சுற்றியிருந்த டன்ஹாம் குழுவை அது கண்டுகொள்ளவில்லை.

பிராட்வேயின் டோனி விருதுகள் 1947-ல் தொடங்கின. ஆடல் அமைப்புக்கான விருது ஒரு கறுப்பருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1975-ல், 'த விஸ்' நாடகத்துக்காக ஜார்ஜ் ஃபெய்சனுக்கு. 28 வருஷம்! ஆடல் அமைப்பை ஒரு படைப்பு என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதே 1976-ல்தான். அதற்குள் எத்தனை அடவுகள் கைமாறிப் போயின என்பதற்குக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

டன்ஹாம் விருதுக்குக் காத்திருக்கவில்லை. 1967 முதல் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்கிற ஏழைக் கறுப்பர் நகரத்தில் பயிற்சி மையம் நடத்தி, தெருவில் திரிந்த பிள்ளைகளுக்குப் பறையும் ஆட்டமும் கற்றுக்கொடுத்தார். 1992-ல், 82 வயதில், படகேறி வந்த ஹெய்ட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்புவதை எதிர்த்து 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். எந்த ஜனங்களிடம் ஆட்டம் கற்றாரோ அந்த ஜனங்களுக்காக. சந்தையில் விரித்தது சரியா என்கிற கேள்விக்கு அவர் தந்த பதில் என்று இதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். 2006 மே 21-ல் நியூயார்க்கில் காலமானார்.

கலை வரலாறு எழுத வரும் நம் மாணவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. நிகழ்ச்சித்தாளில் அச்சான பெயரோடு நின்றுவிடாதீர்கள். அந்த அடவு முதலில் எந்த மண்ணில், யார் காலில் இருந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காத வரலாறு, கேட்காமல் எடுத்துக்கொண்டவர்களின் வரலாறாகவே இருக்கும்.