அலெக்சாந்தர் தெ ரோட்: ஒரு குருவின் பயணங்களும் ஓர் எழுத்து முறையின் வரலாறும்

1. முன்னுரை

வியத்நாமிய மொழி இன்று இலத்தீன் எழுத்துகளால் எழுதப்படுகிறது. தேசிய மொழி எனப் பொருள்படும் 'குவோக் ஙூ' என்னும் பெயரால் வழங்கும் இவ்வெழுத்து முறையைப் படைத்தவர் அலெக்சாந்தர் தெ ரோட் என்னும் கத்தோலிக்கக் குரு என்று நூல்கள் பலவும் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளன. 2019ஆம் ஆண்டில் வியத்நாமின் தா நாங் நகரில் ஒரு தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டும் முன்மொழிவு வந்தபோது, அவர் பிரெஞ்சு ஆதிக்கத்திற்கு வழிவகுத்தவர் என்று கூறி அறிஞர் சிலர் எதிர்த்தனர். முன்மொழிவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஒருபுறம் எழுத்தைப் படைத்தவர் என்ற புகழ்; மறுபுறம் படையெடுப்பைத் தூண்டியவர் என்ற பழி. இவ்விரண்டையும் அவருடைய வாழ்க்கைப் பயணத்தோடும் அவருடைய நூல்களின் சான்றோடும் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அழைத்தலும் பயணமும்

ரோட், 1593இல் (1591 எனக் கொள்வாரும் உளர்) அவிஞோன் நகரில் பிறந்தார். அந்நகர் அன்று பிரெஞ்சு மன்னரின் ஆட்சியில் இல்லை; திருத்தந்தையின் ஆட்சிப் பகுதியாக இருந்தது. 1612இல் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். தம் நாட்டுக்கு அண்மையிலுள்ள இல்லங்களை விடுத்து உரோமையைத் தேர்ந்தமைக்குக் காரணம், கீழை நாடுகளுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு அங்கு மிகுதி என்று அவர் கருதியதே. குருப்பட்டம் பெற்றபின் 1619 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து கப்பலேறி, அக்டோபரில் கோவாவை அடைந்தார். அவர் விரும்பிய நாடு ஜப்பான். ஆனால் அங்கே 1614இலேயே கிறித்தவம் தடை செய்யப்பட்டுவிட்டது. 1623இல் மக்காவை அடைந்த அவரைச் சபையின் மேலாளர்கள் வியத்நாமுக்குத் திருப்பிவிட்டனர். அவர் பெயரை நிலைநிறுத்திய மொழி அவர் நாடிச் சென்ற மொழி அன்று என்பது குறிப்பிடத்தக்கது.

வியத்நாம் அப்போது இரு குலத்தாரின் ஆட்சியில் பிளவுபட்டிருந்தது. தெற்கே நுயென் குலத்தார் ஆண்ட பகுதியை ஐரோப்பியர் கொச்சின்சீனா என்றும், வடக்கே திரின் குலத்தார் ஆண்ட பகுதியை டோங்கின் என்றும் வழங்கினர். 1624 இறுதியில் தெற்கே சென்ற ரோட், 1627 முதல் 1630 வரை வடக்கே பணியாற்றி, அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த பத்தாண்டுகள் மக்காவில் இறையியல் கற்பித்தார். 1640க்கும் 1645க்கும் இடையில் மீண்டும் மீண்டும் தெற்கே சென்றார். 1644இல் அவருடைய உபதேசியார்களுள் ஒருவரான ஆந்திரேயா என்னும் இளைஞர் கொல்லப்பட்டார். 1645இல் ரோடுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது நிரந்தர நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. மலாக்கா, சாவகம், சூரத், பாரசீகம், ஆர்மீனியா வழியாக அவர் உரோமையை அடைந்தபோது ஆண்டு 1649. இடையே பத்தாவியாவில் டச்சுக்காரர் அவரைச் சிறையிலும் வைத்தனர்.

3. மொழியைக் கற்ற முறை

வியத்நாமியர், குறிப்பாகப் பெண்கள், பேசுவதை முதன்முதலில் கேட்டபோது பறவைகளின் ஒலியைக் கேட்பதாகத் தோன்றிற்று என்றும், அம்மொழியைக் கற்கும் நம்பிக்கையே போயிற்று என்றும் ரோட் எழுதியுள்ளார். வியத்நாமியம் ஒரு தொனி மொழி. ஒரே அசை, தொனி மாறுபடுவதால் வேறு வேறு சொல்லாகும். 'பா' போன்ற ஓர் அசை சமதொனியில் 'மூன்று' என்றும், தாழ்தொனியில் 'பாட்டி' என்றும் பொருள் தரும். இவ்வேறுபாட்டை அவருக்கு உணர்த்தியவர் இருவர். ஒருவர் பிரான்சிஸ்கோ தெ பினா என்னும் போர்த்துக்கீசியக் குரு. மொழிபெயர்ப்பாளர் துணையின்றி வியத்நாமிய மொழியில் போதிக்க வல்லவராக அவர் ஏற்கெனவே விளங்கினார். மற்றவர் உள்ளூர்ச் சிறுவர் ஒருவர். மூன்று வாரங்களில் எல்லாத் தொனிகளையும் அவர் கற்பித்ததாக ரோட் நன்றியுடன் குறிப்பிடுகிறார். ஆறு மாதங்களில் ரோட் அம்மொழியில் போதிக்கத் தொடங்கினார். பினா 1625 இறுதியில் கடலில் மூழ்கி இறந்தார்.

4. 1651ஆம் ஆண்டு அகராதி

உரோமையில் விசுவாசப் பரப்புச் சபையின் அச்சகத்தில் 1651இல் ரோடின் வியத்நாமியம் – போர்த்துக்கீசியம் – இலத்தீன் அகராதி வெளிவந்தது. அதனுடன் ஒரு சுருக்க இலக்கணமும் சேர்க்கப்பட்டது. அதே அச்சகம் அவருடைய மறைக்கல்வி நூலையும் இலத்தீனும் வியத்நாமியமும் அருகருகே அமைய வெளியிட்டது.

அகராதியின் எழுத்து முறை பல கைகளைக் காட்டுகிறது. ஞகர ஒலிக்குப் போர்த்துக்கீசிய வழக்கப்படி 'என்', 'எச்' ஆகிய இரண்டு எழுத்துகள் சேர்த்து எழுதப்படுகின்றன. வேறு சில ஒலிகளுக்கு இத்தாலிய வழக்கு பின்பற்றப்படுகிறது. ஆறு தொனிகளுள் ஒன்றுக்குக் குறி இல்லை. மூன்றுக்குக் கிரேக்க எழுத்தின் அழுத்தக் குறிகளும், ஒன்றுக்கு எழுத்தின் அடியில் இடும் கிரேக்கக் குறியும், ஒன்றுக்கு வினாக்குறியின் வடிவமும் பயன்படுகின்றன. ரோட் பிரெஞ்சு மொழி பேசும் பகுதியில் பிறந்தவராயினும் இவ்வமைப்பில் போர்த்துக்கீசியச் சாயலே மிகுதி. காரணம் அகராதியின் முன்னுரையிலேயே உள்ளது. கஸ்பார் தோ அமரால், அந்தோனியோ பார்போசா ஆகிய போர்த்துக்கீசியக் குருக்கள் தொகுத்த இரண்டு அகராதிகளைப் பயன்படுத்தியதாகவும், கர்தினால்களின் ஆணைப்படி இலத்தீன் பொருளைச் சேர்த்ததாகவும் ரோட் அங்குக் கூறுகிறார். அக்கையெழுத்துப்படிகள் இன்று கிடைக்கவில்லை. தொகுத்த இருவரும் ரோட் உரோமையை அடையுமுன்னரே இறந்துபோயினர். அச்சேறியது ஒரு நூல்; ஆகவே எஞ்சியதும் ஒரு பெயரே. தோ குவாங் சின் 1972இலும், ரோலாண்ட் ஜாக் பின்னரும் ஆவணங்களைக் கொண்டு பினா முதலியோரின் பங்கை நிறுவினர்.

இவ்வகராதி மொழி வரலாற்றுக்கு அளித்த பயன் பெரிது. வானத்தைக் குறிக்கும் சொல் அதில் 'ப்ல' என்னும் மெய்ம்மயக்கத்தோடும், எருமையைக் குறிக்கும் சொல் 'த்ல' என்னும் மெய்ம்மயக்கத்தோடும் தொடங்குகின்றன. இன்று இவ்விரண்டும் மறைந்து, எழுத்தில் 'த்ர' என்னும் ஒரே வடிவமாயின. 17ஆம் நூற்றாண்டு ஒலிப்பைக் காட்டும் இப்பதிவை அன்றி மாஸ்பெரோ 1912இல் வெளியிட்ட வியத்நாமிய வரலாற்று ஒலியியல் ஆய்வில் பயன்படுத்திக்கொண்டார்.

5. ஒரு சொல்லின் பொருள்

ரோட் 1653இல் பாரிசில் தம் பயண நூலை வெளியிட்டார். பிரான்சு தமக்குப் பல 'போர்வீரர்களை'த் தரும் என எண்ணியதாகவும், அவர்கள் கீழை நாடுகள் அனைத்தையும் வென்று இயேசு கிறித்துவுக்குப் பணியச் செய்வர் என்றும் அதில் ஒரு வாக்கியம் உண்டு. படையெடுப்புக் குற்றச்சாட்டு இவ்வாக்கியத்தையே சான்றாகக் கொள்கிறது. ஆயின் அவ்வாக்கியம் அத்துடன் முடிவதில்லை. ஆயர்களைப் பெறும் வழியை அங்கே காணலாம் என்று தொடர்கிறது. இயேசு சபையாரின் வழக்கில் போதகரைக் கிறித்துவின் வீரர் என்பது மரபுச் சொல். ரோடின் வேண்டுகோளால் விளைந்ததும் படை அன்று. 1658இல் பிரான்சுவா பால்யு, லம்பேர் தெ லா மோத் ஆகியோர் ஆயர்களாக நியமிக்கப்பட்டமையும், பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை தோன்றியமையுமே அதன் பயன். பிரெஞ்சுப் படை தா நாங்கைத் தாக்கியது 1858இல். ரோட் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின். பிற்காலப் பிரெஞ்சு மறைபரப்பாளர் சிலர் ஆதிக்கத்திற்குத் துணை நின்றது உண்மையே. எனினும் அதனை 1653ஆம் ஆண்டுச் சொல் ஒன்றின் மீது ஏற்றுவது மொழிபெயர்ப்பு நெறியாகாது. உருவகத்தை நேர்ப்பொருளாக்குவதும், வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவதும் ஆகிய இரு பிழைகள் இங்கு ஒருங்கே நிகழ்ந்துள்ளன.

6. தமிழோடு ஓர் ஒப்பீடு

இதே சபையார் தமிழிலும் பணியாற்றினர். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைக்கல்விச் சிறுநூல் இலத்தீன் எழுத்துகளில் அமைந்தது. ஆனால் 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துக்கு மாறியது. 1679இல் அம்பலக்காட்டில் வெளிவந்த புரோயென்சாவின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியும் தமிழ்ச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்தது. ஒலிகளைக் குறிக்கும் எழுத்து முறை தமிழில் முன்னரே நிலைபெற்றிருந்தமையால் இலத்தீன் எழுத்து இங்கு வேரூன்றவில்லை. வியத்நாமிலோ, சீன எழுத்துகளை அடிப்படையாகக் கொண்ட 'நோம்' எழுத்தைக் கற்பது அரிது. எனினும் அங்கும் மாற்றம் உடனே நிகழவில்லை. ரோடின் காலத்தில் மயோரிக்கா என்னும் இத்தாலியக் குரு தம் சமய நூல்களை நோம் எழுத்திலேயே எழுதினார். இலத்தீன் எழுத்து பெரும்பாலும் மறைபரப்பாளரின் கருவியாகவே இருந்தது. அதனை 19ஆம் நூற்றாண்டில் காலனி அரசு ஆட்சிக்காகப் பரப்பியது. 1907இல் ஹனோயில் இயங்கிய டோங்கின் இலவசப் பள்ளியினர் மக்கள் கல்விக்காக ஏற்றனர். 1945இல் விடுதலை அரசு எழுத்தறிவு இயக்கத்திற்காகத் தனதாக்கிக்கொண்டது.

7. முடிவுரை

ரோட் 1654இல் மீண்டும் கீழை நாடு நோக்கிப் புறப்பட்டார். ஆனால் வியத்நாமுக்கு அன்று, பாரசீகத்திற்கு. அங்கே இசுபகானில் 1660இல் இறந்தார். எழுத்து முறையைத் தனியே படைத்தவர் என்ற புகழை அவருடைய அகராதியின் முன்னுரையே மறுக்கிறது. படையை அழைத்தவர் என்ற பழியை அவருடைய பயண நூலின் முழு வாக்கியம் மறுக்கிறது. பிறர் தொகுத்தவற்றையும் தாம் கற்றவற்றையும் நாடுகள் பல கடந்து சுமந்து சென்று, ஒழுங்குபடுத்தி அச்சேற்றியவர் என்பதே அவருக்குரிய இடம். அவ்வெழுத்தைத் தேசிய எழுத்தாக்கியவர்கள் அதனை எழுதிப் படித்த வியத்நாமிய மக்களே. அகராதிகளின் வரலாற்றை ஆராய்வோர் தலைப்புப் பக்கத்தோடு நில்லாது முன்னுரையையும், மொழிபெயர்ப்போர் ஒரு சொல்லோடு நில்லாது வாக்கியம் முழுவதையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதை இவ்வரலாறு தெளிவுபடுத்துகிறது.