சுற்றிக்கொண்டே இருந்த கேமரா

2019 செப்டம்பர் 7 அதிகாலை விக்ரம் லேண்டரின் தொடர்பு அறுந்ததும், சந்திரயான்-2 தோல்வி என்று பலரும் கணக்கை மூடிவிட்டார்கள். வாராக்கடன் என்று தள்ளிய கணக்கிலும் வரவு வந்ததை வங்கியில் பார்த்திருக்கிறேன். ஆர்பிட்டர் பழுதில்லாமல் நிலவின் துருவங்களுக்கு மேலாக 100 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்திப்பள்ளி தாண்டினால் வரும் பெங்களூரில்தான் அதன் கட்டுப்பாட்டு மையம்.

தென்துருவப் பக்கம் வெயில் சாய்வாகவே விழும். நிழல் நீண்டு கிடக்கும். பள்ளம் எது, நிழல் எது என்று பிரிப்பது சிரமம். ஆர்பிட்டரின் கேமரா கால் மீட்டர் நுணுக்கம் வரை படமெடுக்கும். அந்தப் படங்களின் துணையோடுதான் சந்திரயான்-3 இறங்க 4 கி.மீ. நீளம், 2.4 கி.மீ. அகலமுள்ள இடம் தேர்வானது. முந்தைய முறை குறித்தது வெறும் 500 மீட்டர் சதுரம்.

2023 ஆகஸ்ட் 23 வெற்றியில் விழுப்புரம் வீரமுத்துவேலைக் கொண்டாடினோம், நியாயம்தான். சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதா. அடுத்த பொங்கல் விழா வினாடி வினாவில் இந்தப் பெயரையும் கேளுங்கள்.